இல்லாத பிரேக்

அத்தியாயம் பதினொன்று

மூன்று வாரமாக வாத்தியார் வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாட்டுக்கு மந்திரி தேடினால்கூட இத்தனை நாள் ஆகாது. எப்போதுதான் வாங்குவார் என்று உங்களில் பலர் கேட்டு எழுதிவிட்டீர்கள். எனக்கே பொறுமை போய்விட்டது. இன்றைக்கு ஒரு முடிவு தெரிந்துவிடும், வாருங்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. இவர் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஊரில் பாதிப் பேர் இவரிடம் திட்டு வாங்கித்தான் கியர் போடக் கற்றுக்கொண்டார்கள். ஒரே மகள், மாட்டு டாக்டர். முந்நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி, பால் பண்ணை பண்ணையாகப் போய் வைத்தியம் பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருக்கிறது. தினமும் ஜல்லி ரோடு, சேறு, ஓடை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வீட்டுக்கு வர நெடுஞ்சாலை. இரண்டுக்கும் தாங்குகிற முரட்டு எஸ்.யூ.வி. ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது வேலையின் நிபந்தனை. வண்டிக்குப் பதிவு செய்த ரசீது இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த வேலை, பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

போன வாரம் வாத்தியார் ஒரு விஷயத்தை உங்களிடமும் என்னிடமும் மட்டும் ஒப்புக்கொண்டார். அவருக்கு நெடுஞ்சாலையில் ஓட்ட வராது. ஊருக்குள் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவார். ஊர் எல்லையைத் தாண்டினால் கை நடுங்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியூரில் ஒரு பழைய காரை வாங்கி ஓட்டி வரும்போது, ஒரு பக்கம் லாரி, மறு பக்கம் பஸ், நடுவில் இவர். உடம்பு மரத்துப்போய்விட்டது. ஓரம் கட்டி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாத ஒரு வழிப்போக்கர் இரக்கப்பட்டு ஊர்முனை வரை காரை ஓட்டிவந்து கொடுத்தார். கடைசித் தெருவில் மட்டும் தானே ஓட்டி வந்து, வாசலில் இறங்கி, மனைவியிடம் "வெண்ணெய் மாதிரி வந்துச்சு" என்றார் நம் வாத்தியார்.

அதற்குப் பிறகு குடும்பத்தோடு எங்கே போனாலும் ரயில்தான். காரணம் கேட்டால் முதுகுவலி.

*

காலை ஏழரை மணிக்கு மகள் மூன்று வண்டிகளின் படங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள். மூன்றுக்கும் வீட்டில் பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது. சதுரமாக, உயரமாக நிற்பது பீரோ. மெத்தென்று போவது பல்லக்கு. குட்டை மூக்கும் அகலத் தோளுமாக இருக்கிற, இன்னும் ஓட்டிப் பார்க்காத மூன்றாவதற்கு மகளே வைத்த பெயர் எருமை. மாட்டு டாக்டர் வாயில் அது வசவு இல்லை, பாராட்டு.

"அப்பா, சாயங்காலம் அஞ்சு மணி."

"தெரியும்மா."

"மூணு வாரமா தெரியும்தான். பீரோவுக்கு என்ன குறை? திரும்பச் சொல்லுங்க."

"எந்தப் பள்ளத்துலயும் இறங்கி ஏறும். ஆனா தொண்ணூறைத் தாண்டினா ஆடுது. ஆறு மணி நேரம் அதுல உக்காந்து போனா, இறங்கினப்புறம் நீ ஆடுவ."

"பல்லக்கு?"

"ஹைவேல அவ்ளோ சுகம். ஆனா வயிறு தாழ்வு. ஜல்லி ரோட்டுல ஒரு மாசம் ஓட்டினா அடியில ஒண்ணும் மிஞ்சாது."

சொன்ன குறைகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை. கொடுமையே அதுதான். உண்மையைச் சொல்லியே பொய் சொல்லும் வித்தை மனிதருக்குக் கைவந்திருந்தது. வண்டி வாங்கிவிட்டால் முதல் பயணத்துக்கு "அப்பா, நீங்க ஓட்டிட்டு வாங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் இத்தனை குறையும்.

வாத்தியாரம்மா தோள்பையை மாட்டிக்கொண்டு வந்தார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, எட்டு மணிக்கு ஷிப்டு.

"குற்றம் பார்த்தா சுற்றம் இல்லைன்னு சொல்வாங்க. உங்கப்பாவுக்கு வண்டியும் இல்ல," என்றார் மகளிடம்.

"நீ சும்மா இரு. வண்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

வாத்தியாரம்மா எதையோ சொல்ல வாயெடுத்தார். மகளைப் பார்த்தார். மகள் சட்டென்று படங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"எனக்கு என்ன தெரியும்! ஒண்ணும் தெரியாது. நான் வரேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

*

மத்தியானம் ஷோரூமில் இவர்களை வரவேற்றவன் வாத்தியாரின் பழைய மாணவன். மாணவர்களுக்கு அவரவர் செய்யும் தப்பையே பெயராக வைப்பது வாத்தியாரின் பழக்கம். இவன் எப்போதும் கிளட்ச் மேலே பாதிக் காலை வைத்திருப்பான். அதனால் ஹாஃப் கிளட்ச். இப்போது விற்பனைப் பிரிவுக்கே தலைவன். கழுத்தில் டை, வயிற்றில் லேசான தொப்பை. பெயர் மட்டும் போகவில்லை.

"சார்! நீங்க நம்ம கடைக்கு வந்தது எனக்குப் பெருமை சார்." பக்கத்தில் நின்ற மூன்று பேரையும் கூப்பிட்டான். "இவர்தான். நான் சொல்வேன்ல? ‘ஓடற வண்டில ஹேண்ட் பிரேக்கைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்’னு முதல் நாளே சொல்வார். இன்னைக்கு வரைக்கும் நான் தொட்டதில்ல."

மூன்று பேரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார். எருமை ஜன்னலோரம் நின்றிருந்தது.

அடுத்த அரை மணி நேரம் வாத்தியார் நிஜமாகவே வாத்தியாராக இருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். தரையில் மல்லாந்து படுத்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார். தரைக்கும் வயிற்றுக்கும் எத்தனை சாண் என்று கையால் அளந்தார். ஸ்டெப்னி மற்ற நாலு டயருக்குச் சமமானதா, இல்லை பேருக்கு வைத்த பொம்மைச் சக்கரமா என்று இறக்கச் சொல்லிப் பார்த்தார். பின் சீட்டை மடக்கி, மருந்துப் பெட்டியும் ரப்பர் பூட்ஸும் கயிறும் வைக்க இடம் இருக்கிறதா என்று மகளை விட்டே அளக்கச் சொன்னார்.

"தரை விரிப்பு?"

"ரப்பர் சார். சாணியோட ஏறினாலும் ஹோஸ் பைப்பை வெச்சு அடிச்சுக் கழுவிடலாம்."

"நாலு சக்கரமும் இழுக்குமா?"

"தேவைப்படறப்போ மட்டும் சார். சும்மா ஓட்டும்போது ரெண்டுதான். டீசல் மிச்சம்."

"எங்க தெருவுல திரும்புமா? ராட்சசன் மாதிரி இருக்கே?"

ஹாஃப் கிளட்ச் வெளி முற்றத்தில் ஒரே வீச்சில் வண்டியைத் திருப்பிக் காட்டினான்.

குறையே இல்லை. மகள் முகம் மலர்ந்தது. வாத்தியார் வண்டியை இன்னொரு தடவை சுற்றி வந்தார்.

"ஹைவேல ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம் சார். நீங்க ஓட்டறீங்களா?" சாவியை நீட்டினான்.

வாத்தியார் சாவியைப் பார்த்தார். வாங்கவில்லை.

"வண்டி அவளுக்கு. அவளே ஓட்டட்டும்."

"பார்த்தீங்களா? இதுதான் வாத்தியார்!" என்று அந்த மூன்று பேரிடமும் சொன்னான் ஹாஃப் கிளட்ச். பாவம், அவன் என்ன கண்டான். வாத்தியாருக்குக் காது மடல் சுட்டது.

*

மகள் சீட்டைச் சரிசெய்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். பெல்ட்டைப் போட்டாள். எல்லாம் அப்பா சொல்லிக்கொடுத்த வரிசையில். வாத்தியார் பக்கத்து சீட்டில். ஹாஃப் கிளட்ச் பின்னால்.

முதலில் ஷோரூமுக்குப் பின்னால் இருந்த குண்டும் குழியுமான மண் ரோடு. எருமை அசையவில்லை. ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியபோது மகள், "அப்பா, பார்த்தீங்களா? முதுகுக்குத் தெரியவே இல்ல!" என்றாள். வாத்தியார் தலையை ஆட்டினார்.

பிறகு நெடுஞ்சாலை.

அறுபது, எழுபது, எண்பது. ஜன்னலை ஏற்றியதும் காற்றுச் சத்தம் நின்றது. ஹாஃப் கிளட்ச் பின்னாலிருந்து, "பேசினா கேக்குது பாருங்க சார், மத்த வண்டில கத்தணும்," என்றான். கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்த வாத்தியாரின் விரல்கள் வெளுத்திருந்தன.

முன்னால் பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. மகள் கண்ணாடி பார்த்தாள், விளக்கைப் போட்டாள், விலகி வேகம் எடுத்தாள். செய்ததில் ஒரு தப்பும் இல்லை. பரீட்சை வைத்திருந்தால் வாத்தியாரே நூற்றுக்கு நூறு போட்டிருப்பார். ஆனால் லாரியைத் தாண்டும்போது லாரிக்கு அடுத்து இருப்பது பக்கத்து சீட்டுத்தான். ஜன்னல் உயரத்துக்குச் சுற்றும் சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, முடிவே இல்லாமல் வந்தன. லாரி தன் பக்கம் சாய்வதாக அவருக்குத் தோன்றியது.

வாத்தியாரின் கால் பிரேக்கை மிதித்தது.

அங்கே பிரேக் இல்லை. பயிற்சிக் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். மாணவன் தடுமாறினால் இவர் மிதிப்பார். இருபத்தாறு வருஷமாக அவர் உயிரும் ஊர் உயிரும் அந்தப் பிரேக்கில்தான். இங்கே வெறும் ரப்பர் விரிப்பு. மிதித்தார், மறுபடியும் மிதித்தார், இரண்டு காலாலும் மிதித்தார். அடுத்த நொடி அவர் கை நடுவிலிருந்த ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டது.

பின்சக்கரம் கிறீச்சிட்டது. வண்டியின் பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடியது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டது.

"கையை எடுங்க!"

மகள் ஒரு கையால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அப்பா கையைத் தட்டிவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். வண்டி நிமிர்ந்தது. லாரி முன்னால் போய்விட்டது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, இங்கே எழுத முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். மகள் மெதுவாக ஓரம் கட்டி, அபாய விளக்கைப் போட்டு, இன்ஜினை நிறுத்தினாள்.



"சார்..." என்றான் ஹாஃப் கிளட்ச். "என்ன சார் ஆச்சு?"

வாத்தியார் தொண்டையைச் செருமினார். இந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்த அத்தியாயம் இதோடு முடிந்திருக்கும்.

"ஹேண்ட் பிரேக் பிடிக்குதான்னு பார்த்தேன்," என்றார்.

"தொண்ணூறுலயா சார்?"

"அவசரத்துக்குப் பிடிக்கணும்ல? பிடிக்குது. நல்லாவே பிடிக்குது."

ஹாஃப் கிளட்ச் வாயைப் பிளந்தான். பிறகு நம்பிவிட்டான். குரு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஜாதி அவன். "நான் டயரைப் பார்த்துட்டு வரேன் சார்," என்று இறங்கிப் போனான்.

மகள் திரும்பவில்லை. நேரே சாலையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்பா, அவருக்கு அந்தப் பதில் போதும். எனக்கு என்ன பதில்?"

வெளியே ஒவ்வொரு லாரி போகும்போதும் வண்டி லேசாக அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் வாத்தியாரின் தோள் குறுகியது. அதையும் அவள் பார்த்தாள்.

"எனக்கு ஹைவேல வராதும்மா."

"என்ன வராது?"

"ஓட்ட வராது. உக்காரவும் வராது. பயம்." பயம் என்ற சொல்லை மகளிடம் சொல்லும்போது அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பன்னெண்டு வருஷமா."

மகள் கேட்டுக்கொண்டாள். உடனே இரங்கவில்லை. இரங்கியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்போ பீரோ ஆடினது?"

"அது ஆடத்தான் செய்யுது..."

"அப்பா."

"ம்."

"என் வேலை போயிருக்கும். இன்னும் ரெண்டு மணி நேரம் போனா போயிடும். நான் தினம் தினம் அவங்களுக்குப் போன் பண்ணி, ‘எங்கப்பா வண்டி விஷயத்துல பெரிய ஆளு, அவர் சரின்னு சொல்லட்டும்’னு கெஞ்சிட்டு இருந்தேன். நீங்க வண்டியில குறை தேடல. எனக்கு வண்டியே வேண்டாம்னு தேடினீங்க."

பெற்ற பெண்ணின் வேலையை மூன்று வாரமாகக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார். எதுவும் தெரியாமல் அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "இன்னைக்காவது ஒண்ணு பிடிச்சுதாப்பா?" என்று கேட்ட மாலைகள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

ஹாஃப் கிளட்ச் வந்து கதவைத் திறந்தான். "டயருக்கு ஒண்ணும் இல்ல சார்."

"அப்பா, நீங்க பின்னாடி உக்காருங்க," என்றாள் மகள்.

கோபமாகச் சொல்லவில்லை. மாட்டுக்கு ஊசி போடும் முன் பக்கத்தில் நிற்பவரை விலகச் சொல்வாளே, அந்தக் குரல். வாத்தியார் இறங்கி, சுற்றி வந்து, பின் சீட்டில் ஏறினார். இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரு வண்டியில் பின்னால் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. ஷோரூம் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு வந்தார். அதை ஹாஃப் கிளட்ச் களைப்பு என்று நினைத்துக்கொண்டான்.

*

"இதுதான். பதிவு பண்ணிடுங்க," என்றாள் மகள், அப்பாவைக் கேட்காமல்.

ஹாஃப் கிளட்ச் படிவங்களை எடுத்து வைத்தான். கையெழுத்து, கையெழுத்து, கையெழுத்து. இன்ஷூரன்ஸ் தாளில் வந்து பேனாவை நிறுத்தினான்.

"தூரப் பயணம்னு சொன்னீங்கள்ல? இன்னொரு டிரைவர் பேரும் போட்டுடலாம். சாரோட லைசென்ஸ் நம்பர் சொல்லுங்க."

வாத்தியார் சட்டைப் பையில் கையை விட்டார். பழக்கம், வேறென்ன. அந்தக் கை பாதியில் நின்றது.

"அப்பாவுக்கு முதுகுவலி. அவரால தூரம் ஓட்ட முடியாது," என்றாள் மகள். தன் பைக்குள்ளிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினாள். "இந்தப் பேரைப் போடுங்க."

ஹாஃப் கிளட்ச் வாங்கிப் பார்த்தான். வாத்தியாரைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான்.

"சார், அம்மாவுமா? சொல்லவே இல்லையே சார் நீங்க!"

வாத்தியார் எட்டிப் பார்த்தார். அவருடைய மனைவியின் படம். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்க மறந்து எடுத்த படம். ஓட்டுநர் உரிமம், கொடுத்து நாலு மாதம். கூடவே பயிற்சிச் சான்றிதழின் நகல். அதன் மேலே முத்திரை.

அந்த முத்திரையை அவருக்கு நன்றாகத் தெரியும். எதிர்த் தெருவில் போட்டிக்குப் பள்ளி நடத்துகிற, ஊரே சிரிச்ச மூஞ்சி என்று கூப்பிடுகிற ஆளுடையது. ‘திட்டாமல் கற்றுத் தருகிறோம்’ என்று வாத்தியாரைக் குத்துவதற்கென்றே வாசலில் எழுதி வைத்திருக்கிறானே, அவன்தான்.

"எப்போ?" என்றார் மகளிடம்.

"அம்மா சொல்ல வேண்டாம்னாங்க. ஏன்னு அவங்களையே கேளுங்க."

நாலு மணி இருபது நிமிஷத்துக்கு ரசீது வந்தது; வண்டி சனிக்கிழமை கைக்கு வரும். மகள் அதைப் படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. படித்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"கிடைச்சிடுச்சுப்பா."

அவள் கண் நிறைந்திருந்தது. வாத்தியார் அவள் தோளில் கை வைக்கப் போனார். வைக்கிற யோக்கியதை தனக்கு உண்டா என்று தெரியாமல் கையை இழுத்துக்கொண்டார்.

*

வீட்டுக்கு வந்தபோது வாத்தியாரம்மா ஷிப்டு முடிந்து வந்து அடுப்படியில் நின்றிருந்தார். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். காதில் ஏதோ சொன்னாள். பிறகு, "நான் குளிச்சிட்டு வரேன்," என்று அவர்களைத் தனியே விட்டுவிட்டுப் போனாள். கெட்டிக்காரி.

வாத்தியார் நிலைப்படியில் நின்றார். திட்டப்போகிறவர் மாதிரித்தான் ஆரம்பித்தார்.

"போயும் போயும் சிரிச்ச மூஞ்சிகிட்டயா?"

"வேற யார்கிட்ட போறது?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டேங்க. ரெண்டு தடவை கேட்டேன்." வாத்தியாரம்மா அடுப்பைத் தணித்தார். "முதல் தடவை ‘தையல் மெஷினையே உனக்கு நேரா ஓட்ட வராது’ன்னு சிரிச்சீங்க. ரெண்டாவது தடவை உங்க மாணவங்க நாலு பேர் நின்னாங்க. அவங்களையும் சேர்த்துக்கிட்டு சிரிச்சீங்க."

வாத்தியாருக்கு முதல் தடவை ஞாபகம் இல்லை. இரண்டாவது ஞாபகம் இருந்தது. அன்றைக்கு நன்றாகத்தான் சிரித்தோம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

"இப்போ எதுக்கு திடீர்னு லைசென்ஸ்?"

"இவ வெளியூர் வேலைக்கு எழுதிப் போட ஆரம்பிச்சப்பவே போய்ச் சேர்ந்துட்டேன். ஹைவேல அவ கூட மாத்தி ஓட்ட ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

வாத்தியாரம்மா இப்போதுதான் திரும்பி அவரை நேராகப் பார்த்தார்.

"அன்னைக்கு அந்தப் பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினீங்களே, சீட்டு கடைசி வரைக்கும் பின்னாடி போயிருந்துச்சு. உங்களுக்குக் கால் எட்டல. நுனியில உக்காந்து ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சுட்டு வந்தீங்க. யாரோ ஒரு நெட்டை ஆள் ஓட்டியிருக்கார்னு எனக்குத் தெரியாதா? வண்டில ஏறினா முதல்ல சீட்டைச் சரி பண்ணணும்னு ஊருக்கே சொல்றவர் நீங்க."

பன்னிரண்டு வருஷம். பன்னிரண்டு வருஷமாக இவளுக்குத் தெரியும். ஒவ்வொரு ரயில் டிக்கெட்டுக்கும், ஒவ்வொரு முதுகுவலிக்கும் தெரியும். தைலம் வேறு தேய்த்துவிட்டிருக்கிறாள்.

"ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்வீங்க. அதைக் கேட்டுக்கிட்டு நிக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும்." பாத்திரத்தை மூடினார். "சிரிச்ச மூஞ்சி கூட முதல் நாளே கேட்டார். ‘உங்க வீட்டுக்காரர்கிட்டயே கத்துக்கலாமேம்மா’ன்னு. அவருக்கு ஒரு நிமிஷம் ஓய்வு இல்லங்க, அவ்ளோ கூட்டம்னு சொன்னேன்."

வாத்தியார் அங்கேயே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நேரம் பிடித்து வைத்திருந்தது உடைந்து, மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. வாத்தியாரம்மா வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கு வெக்கமா இருக்கு."

"இருக்கட்டும். நல்லதுதான்," என்றார் வாத்தியாரம்மா. ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

"இனிமே பொய் சொல்ல மாட்டேன்."

"யார்கிட்ட?"

"யார்கிட்டயும். சத்தியமா."

"வர்ற ஞாயித்துக்கிழமை விடியக்காலைல கிளம்பறோம். நானும் அவளும் மாத்தி மாத்தி ஓட்டறோம். நீங்க கூட வந்தா சந்தோஷம். வரலைன்னாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். ஆனா வரதா இருந்தா பயத்தோட வாங்க. முதுகுவலியோட வராதீங்க."

வாத்தியார் தலையை ஆட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெஞ்சில் இருந்த கல் இறங்கியது மாதிரி இருந்தது அவருக்கு. எனக்கும்தான்.

வாசல் மணி அடித்தது.

*

ஐந்தரை மணி வகுப்புக்கு வருகிற பல் டாக்டர். ஐம்பது வயதில் கார் கற்றுக்கொள்ள வந்தவர், நல்ல மனிதர். பயிற்சிக் காரின் பக்கத்தில் நின்றுகொண்டு, வாத்தியாரைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தார்.

"சார், கேள்விப்பட்டேன்! ஷோரூம்ல இருந்து ஒருத்தர் இப்பதான் பல் பிடுங்கிட்டுப் போனார். ஊரெல்லாம் அதான் பேச்சாம். தொண்ணூறுல போற வண்டில ஹேண்ட் பிரேக்கை டெஸ்ட் பண்ணினீங்களாமே?"

வாத்தியார் வாயைத் திறந்தார். மூடினார்.

"எங்களை எல்லாம் தொடவே கூடாதும்பீங்க! எப்படி சார் அந்தத் தைரியம்? எனக்கெல்லாம் நெனைச்சாலே கை நடுங்குது."

‘எனக்கும்தான் டாக்டர்.’ இரண்டே வார்த்தை. நாக்கு நுனியில் வந்து நின்றது.

"அப்போ பொண்ணைப் புது ஊருக்குக் கூட்டிட்டு ஹைவேல நீங்கதான் ஓட்டிட்டுப் போறீங்க?"

"பின்னே? வேற யாரு?" என்றார் வாத்தியார்.

அவர் சொல்லவில்லை, அவர் வாய் சொல்லியது. இருபத்தாறு வருஷம் பழகிய வாய். சொல்லி முடித்த பிறகுதான் டாக்டரின் பார்வை தன் தோளுக்கு மேலே போவதைக் கவனித்தார். திரும்பினார்.

வாத்தியாரம்மா இரண்டு கப் காபியோடு வாசலில் நின்றிருந்தார்.

"என்னம்மா, நீங்களும் போறீங்களா?" என்று கேட்டார் பல் டாக்டர். "கவலையே இல்ல உங்களுக்கு. வாத்தியார் கையில வண்டி!"

வாத்தியாரம்மா கணவரைப் பார்க்கவில்லை. ஒரு கப்பை டாக்டரிடம் கொடுத்தார்.

"ஆமாங்க," என்றார், சிரித்த முகமாக. "இவர்தான் ஓட்டறார்."

இன்னொரு கப்பைப் பயிற்சிக் காரின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

முகத்தில் அறைந்திருந்தால் வாத்தியார் தாங்கியிருப்பார். நாலு பேர் கேட்கத் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பார். அன்றைக்கு லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டபோதுகூட உடம்பு இப்படிக் கூசவில்லை. அவருடைய பொய்யை அவள் வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டு போகிறாள். சத்தியம் செய்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"டாக்டர்," என்றார்.

"சொல்லுங்க சார்." பல் டாக்டர் காபியை உறிஞ்சியபடி ஆவலாகப் பார்த்தார்.

வாத்தியார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுமில்ல. ஏறுங்க. சீட்டைச் சரி பண்ணிக்குங்க."

உள்ளே நிலைப்படிக்கு அந்தப் பக்கம், வாத்தியாரம்மா இன்னும் அடுப்படிக்குப் போகவில்லை. கேட்டுக்கொண்டுதான் நின்றார்.